நாலரை மணி மஜ்லிஸ்

மே 6, 2021, வியாழன்

என் கணவர் மௌத்தாகி இன்று ஐந்தாம் நாள். கணவனை இழந்தவள் இருக்கும் இத்தா எனக்குத் தொடங்கிவிட்டது. நாலு மாதம் பத்து நாள் வீட்டை விட்டு வெளியே போகாமல், பூ, சுர்மா, அத்தர், பகட்டான துணி எதுவும் இல்லாமல் இருக்க வேண்டும். பிறைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். செப்டம்பர் ஒன்பதில் முடிகிறது.

இந்த டைரி அவருக்கு வந்தது. பட்டுக்கோட்டை உரக்கடைக்காரர் ஜனவரியில் கொடுத்தார். அவர் ஒரு பக்கம்கூட எழுதவில்லை. திருச்சியிலிருந்து மகள் பஹீமாதான் போனில் சொன்னாள்: "உம்மா, தினம் ரெண்டு வரியாவது எழுதுங்க. உள்ளேயே வச்சிக்கிட்டு இருக்காதீங்க." எழுதுவது எனக்குச் சிரமம் இல்லை. சீட்டு எழுதிப் பழகிய கை.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டு எண்ணிக்கை. மத்தியானத்திலிருந்து டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தார். நோன்பு திறக்கும் நேரம் நெருங்கியது. கஞ்சியை ஊற்றி வைத்துவிட்டு வழக்கம்போல மேசையில் டம்ளரால் இரண்டு தட்டு தட்டினேன். வரவில்லை. மறுபடி தட்டினேன். போய்ப் பார்த்தால் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. கையில் ரிமோட் அப்படியே இருந்தது. டாக்டர் வந்து மாரடைப்பு என்றார்.

கொரோனா காலம் என்பதால் ஜனாஸாத் தொழுகைக்கும் அடக்கத்துக்கும் கொஞ்சம் பேர்தான். பஹீமா முகமூடியோடு வந்து, ஒரு நாள் முற்றத்திலேயே இருந்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குத் திரும்பிவிட்டாள். பரிசோதனைக் கூடத்தில் வேலை. அங்கே ஆள் இல்லையாம்.

மே 9, ஞாயிறு

ஆமினா மதினி போன் பண்ணினார். அவருடைய அக்கா. நாலு தெரு தள்ளி இருக்கிறார்.

"இம்புட்டுப் பெரிய வீட்டுல தனியாக் கெடக்காதே ஜெய்னம்பு. நாளையிலேர்ந்து முழுசா ஊரை அடைக்கிறாங்க. யாரும் வந்து பாக்க முடியாது. நாலரை மணிக்கு எங்க மஜ்லிஸ்ல வந்து உக்காரு."

போன வருஷ ஊரடங்கில் தொடங்கிய பெண்கள் கூட்டம் அது. அசர் தொழுதுவிட்டு எல்லோரும் போனில் ஜூமில் சேருவார்கள். குர்ஆனில் யாசீன் அத்தியாயம் ஓதி, இறைவனிடம் துஆ கேட்டு, அரைமணி நேரத்தில் முடித்துவிடுவார்கள். அதிராம்பட்டினத்துப் பெண்கள் பாதி, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் பாதி. மார்க்கம் படித்த சல்மா ஆலிமா நடத்துகிறார். இருபத்தெட்டு வயதுதான்.

"தம்பிக்காக தினம் துஆ கேக்குறோம். பொஞ்சாதி நீ இல்லாம எப்படி?" என்றார் மதினி.

வருகிறேன் என்றேன்.

மே 10, திங்கள்

பஹீமா விட்டுப்போன பழைய போனை அரிசி டின்மேல் சாய்த்து வைத்தேன். அவள் ஒரு பக்கம் வேறொரு போனில் சொல்லச் சொல்ல, வேலைக்கு வந்த குமுதா பொத்தானை அமுக்கினாள்.

"பச்சையா ஒண்ணு மினுங்குதும்மா, அமுக்கட்டா?"

"அமுக்கு."

"ஆத்தி! எத்தனை பொம்பளைங்க!"

பதினேழு கட்டங்கள். சிலதில் முகம், சிலதில் பெயர், ஒன்றில் சுற்றும் மின்விசிறி, மஸ்கட்டில் இருக்கும் ரிஃபாயா என்ற பெண்ணின் கட்டத்தில் ஒரு டியூப் லைட் மட்டும். இரைச்சல் வராமல் இருக்க ஓதாதவர்கள் மைக்கை மூடி வைக்கச் சொன்னார் ஆலிமா. எனக்கு அது வசதியாக இருந்தது.

யாசீன் முடிந்ததும் துஆ. நோயாளிகளின் பெயர்கள் நீளமாக வந்தன. கடைசியில் என் கணவருக்காக, "கமாலுத்தீன் காக்காவுடைய பாவங்களை மன்னித்து, அவங்க கப்ரை விசாலமாக்கி வைப்பாயாக" என்றார் ஆலிமா. ஆமீன், ஆமீன் என்று எல்லோரும் உதட்டை அசைத்தார்கள்.

என் மைக் மூடியிருந்தது. சொன்னேனா இல்லையா என்று யாருக்கும் தெரிந்திருக்காது.

மே 11, செவ்வாய்

குமுதாவைச் சாலையில் போலீஸ் திருப்பி அனுப்பிவிட்டதாம். நானே முற்றம் பெருக்கினேன். மாங்காய் ஊறுகாய் போட்டேன்.

மே 14, வெள்ளி. பெருநாள்

புதுத்துணி இல்லை. சேமியா மட்டும் கொஞ்சம் காய்ச்சினேன். பாதியைக் கொட்ட வேண்டியதாயிற்று. இரண்டு பேருக்கு வைத்துப் பழகிய அளவு.

மஜ்லிஸில் எல்லோரும் அவரைப் பற்றியே பேசினார்கள். ஜமாஅத்தில் இருபது வருஷம் பொறுப்பில் இருந்தவர். "புருஷன் பொஞ்சாதி சண்டைன்னு யாரு போனாலும் காக்கா உக்காரவச்சு, பொறுமையாப் பேசி, சேத்து வச்சிடுவாங்க. என் தங்கச்சி குடும்பமே அவங்களாலதான் நிக்கிது" என்று ஒருவர் அழுதார். அது உண்மைதான். அவர் முன்கூடத்தில் அப்படிப் பேசுவதை நான் அடுப்படியில் இருந்து கேட்டிருக்கிறேன். நல்ல குரல் அவருக்கு. நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைப்பார். அந்தக் குரலைக் கேட்க யாராவது சண்டை போட்டுக்கொண்டு வர மாட்டார்களா என்றுகூட இருக்கும்.

மே 19, புதன்

காற்றும் மழையும். மின்சாரம் இல்லை. மஜ்லிஸுக்குப் போக முடியவில்லை. நாலரை மணிக்கு அரிசி டின் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டுத்தான் ஞாபகம் வந்தது.

மே 27, வியாழன்

இன்று நடந்ததை விவரமாக எழுத வேண்டும்.

கூட்டத்தில் ஹமீதா என்று ஒருவர். சென்னையில் ஆஸ்பத்திரியில் கொரோனா வார்டில் இருக்கிறார். படுக்கையிலிருந்தே சேர்ந்தார். மூக்கில் குழாய். பேச மூச்சு இல்லை. ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: "நிறுத்தாம ஓதுங்க. கேட்டுக்கிட்டே இருக்கேன்."

ஆளாளுக்குப் பங்கு போட்டு ஓதினார்கள். அரைமணி ஆயிற்று, ஒரு மணி ஆயிற்று. ஒவ்வொருவராக அடுப்பு, பிள்ளை, மாமியாருக்கு மருந்து என்று போக வேண்டியதாயிற்று. ஆலிமாவுக்கும் தொண்டை கட்டிவிட்டது.

"ஜெய்னம்பு மாமி, நீங்க இருக்கீங்களா? உங்களால ஓத முடியுமா?"

மைக்கைத் திறந்தேன். முதல் ஆயத்தில் குரலே எழும்பவில்லை. துருப்பிடித்த கதவு மாதிரி ஒரு சத்தம். "பரவாயில்ல மாமி, மெதுவா" என்றார் ஆலிமா. மறுபடி தொடங்கினேன். சின்ன வயதில் மதரஸாவில் உஸ்தாத் கற்றுக்கொடுத்த ராகம் எங்கிருந்தோ தானாக வந்தது. யாசீன் முடித்தேன். முல்க் அத்தியாயம் முடித்தேன். மறுபடி யாசீன். ஹமீதாவின் கண் மூடியிருந்தது. ஆனால் ஒவ்வொரு ஆயத் முடிவிலும் போர்வைமேல் ஒரு விரல் அசைந்தது. பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லும்வரை ஓதினேன்.

ஒருத்தர் என் குரலைக் கேட்டுக்கொண்டே இருந்தார், ஒரு மணி நேரம். தொழுதுவிட்டு வெகுநேரம் முஸல்லாப் பாயிலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 5, சனி

ஹமீதாவுக்குக் குழாயை எடுத்துவிட்டார்களாம். அல்ஹம்துலில்லாஹ். மஜ்லிஸில் எல்லோரும் அழுதோம். அவர் ஒரு பிஸ்கட் சாப்பிட்டதைக் காட்டினார்.

மதினி தனியாகப் போன் பண்ணினார். "உனக்கு இப்படி ஒரு குரல் இருக்குறது எனக்குத் தெரியவே தெரியாது ஜெய்னம்பு. கல்யாணமாகி முப்பத்தி மூணு வருஷமாச்சு!"

"எனக்கே மறந்துபோச்சு மதினி" என்றேன்.

முன்பு குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு ஏதாவது பேசுவேன். கறிக்கு மசாலா போதாது, வெயில் ஜாஸ்தி, இப்படி. தொண்டை கெட்டுப்போகாமல் இருக்க.

ஜூன் 12, சனி

குமுதா திரும்ப வரத் தொடங்கிவிட்டாள். மடவை மீன் கொண்டுவந்தாள். புளி கரைத்து ஆணம் வைத்தேன். அவளும் சாப்பிட்டாள்.

ஜூன் 19, சனி

துஆவுக்கு முன்னால் யாருக்காவது தேவை இருக்கிறதா என்று ஆலிமா கேட்பது வழக்கம். இன்று டியூப் லைட் கட்டத்திலிருந்து ரிஃபாயா பேசினாள். முதல் தடவையாகக் குரலைக் கேட்டேன். இருபத்து நாலு வயது இருக்கும். மல்லிப்பட்டினத்துப் பெண். கல்யாணமாகி மஸ்கட் போய் ஒன்றரை வருஷம்.

"என் மாப்பிள என்கிட்ட பேசுறது இல்ல. முப்பத்தெட்டு நாளாச்சு. நோன்புல ஒரு நாள் அவங்க கூட்டாளிங்க முன்னாடி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசிட்டேன். அன்னைக்கு நிறுத்துனவங்கதான். அடிக்கல, திட்டல. சாப்பாடு வச்சா சாப்பிடுறாங்க. ஆனா நான் ஒருத்தி அங்க இருக்குறதாவே காட்டிக்கிறது இல்ல. ஃபிளாட்ட விட்டு வெளியப் போகவும் முடியாது. எனக்காக துஆ கேளுங்க."

எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். "பொறுமையா இரு புள்ள, ஆம்பளைங்க கோவம் தானா ஆறும்." "நீயே போய் மன்னிப்புக் கேட்டுடு." மதினியும் சொன்னார்: "அடிக்காத புருஷன் கெடச்சதுக்கே அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லி சுக்ர் செய்யணும்."

நான் போனை அணைத்துவிட்டேன். சார்ஜ் இல்லை.

ஜூன் 20, ஞாயிறு

தலைவலி. மஜ்லிஸுக்குப் போகவில்லை.

ஜூன் 21, திங்கள்

அலமாரியை ஒழித்தேன். அவருடைய சட்டைகள் பதினொன்று. குமுதாவின் அண்ணனுக்கு ஆகும். மேல்தட்டில் பிஸ்கட் டப்பா நிறைய சீட்டுகள். எல்லாம் என் கையெழுத்து. "அரிசி முடிந்துவிட்டது." "பஹீமா போன் பண்ணினாள்." "மோட்டார் ஓடவில்லை." "எனக்குக் காய்ச்சல்." அவர் எதையும் எறிந்திருக்கவில்லை. ஏன் வைத்திருந்தார் என்று தெரியவில்லை. பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கிறாரா என்று ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். பதிலுக்கு ஒன்றும் இல்லை.

மஜ்லிஸுக்குப் போகவில்லை.

ஜூன் 23, புதன்

போனேன்.

ஓதி முடித்ததும் ஆலிமா ரிஃபாயாவிடம் எப்படி இருக்கிறாய் என்று கேட்டார். "அப்படியேதான்" என்றாள். "இன்ஷா அல்லாஹ், பொறுமையா இரு" என்று யாரோ தொடங்கினார்கள். நான் மைக்கைத் திறந்தேன். என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாது.

"ரிஃபாயா, நான் ஜெய்னம்பு பேசுறேன்."

"சொல்லுங்க மாமி."

"முப்பத்தெட்டு நாள் பேசாம இருந்தவங்களால எத்தனை வருஷம் வேணும்னாலும் பேசாம இருக்க முடியும். எனக்குத் தெரியும். எங்க வீட்டுல அவங்க கடைசியா என்கிட்ட பேசுனது ரெண்டாயிரத்து நாலு ஜூன் மாசம்."

யாரும் அசையவில்லை. போன் நின்றுவிட்டதோ என்று நினைத்தேன். மின்விசிறி மட்டும் அந்தக் கட்டத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

"பதினேழு வருஷத்துக்கு ஒரு மாசம் குறைச்சல். அடிச்சது இல்ல, திட்டுனதும் இல்ல. மேசையில தட்டுனா வந்து சாப்பிடுவாங்க. எனக்கு வேணும்னா சீட்டு எழுதி வைப்பேன், சாமான் வந்துடும். நானும் பொறுமையாத்தான் இருந்தேன். நாலு தடவை மன்னிப்பும் கேட்டேன், என்ன தப்புன்னு தெரியாமலே. மாறல. இவங்க நல்ல மனசோடதான் சொல்றாங்க, இவங்கள நான் குறை சொல்லல. ஆனா நீ உன் உம்மாகிட்ட சொல்லு, கூடப்பொறந்த காக்காகிட்ட சொல்லு. தினம் யார்கிட்டயாவது பேசு. குரலை விட்டுடாத. ஒருதடவை போனா திரும்ப வர்றது கஷ்டம்."

ரிஃபாயா அழுகிற சத்தம் கேட்டது. ஆமினா மதினியின் கட்டம் மறைந்தது. பிறகு இன்னும் இரண்டு.

ஆலிமா துஆ கேட்டார். இன்று என் கணவருடைய பெயரைச் சொல்லவில்லை.

ஜூன் 24, வியாழன்

காலையிலிருந்து போன் அடிக்கவில்லை. குமுதா மட்டும் சொன்னாள்: "தெருவுல என்னென்னமோ பேசுறாங்கம்மா. நான் காதுல வாங்கல." மௌத்தானவரைப் பற்றி, அதுவும் இத்தாவில் இருந்துகொண்டு, பதினேழு பேர் முன்னால். நான் செய்தது சாதாரணக் காரியம் இல்லை என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

மத்தியானம் ஆலிமா கூப்பிட்டார்.

"மஜ்லிஸை நடத்துற நான் தினம் உங்களை ஆமீன் சொல்ல வச்சிருக்கேனே மாமி. எனக்கு ராத்திரி தூக்கம் இல்ல."

"உங்களுக்கு அது எப்படித் தெரிஞ்சிருக்கும்?"

"மௌத்தானவங்களைக் குறை பேசக்கூடாதுன்னுதான் இருக்கு. ஆனா பாதிக்கப்பட்டவங்க, இன்னொரு ஆளு அதுல விழாம இருக்க, உள்ளதைச் சொல்றது குறை பேசுறது இல்ல. எனக்குத் தெரிஞ்சவரைக்கும் அப்படித்தான். மூணு நாளுக்கு மேல முகத்தைத் திருப்பிக்கிட்டு இருக்கிறது ஆகாதுன்னு மார்க்கத்துல இருக்கு. அதையும் நாமதான் யாருக்கும் சொல்றது இல்ல."

நாளைக்கு நீங்கள் ஓத வேண்டும் என்று சொல்லி வைத்தார்.

ஜூன் 26, சனி

பஹீமாவுக்கு எப்படியோ போய்ச் சேர்ந்துவிட்டது. வேலை முடிந்து நேராக ஆஸ்பத்திரி வாசலிலிருந்து கூப்பிட்டாள்.

"வாப்பா உங்ககிட்ட பேசமாட்டாங்கன்னு எனக்குத் தெரியும் உம்மா. 'உம்மாகிட்ட சொல்லு, உம்மாகிட்ட சொல்லு'ன்னு என்னை வச்சுத்தானே எல்லாம் நடந்துச்சு. ஆனா ரெண்டாயிரத்து நாலு ஜூன். அது நான் எட்டாவது முடிச்ச வருஷம்."

பிறகு அவளே கேட்டாள்:

"என்னாலயா?"

எத்தனை வருஷமாகச் சொல்லக்கூடாது என்று வைத்திருந்தது. சிங்கப்பூரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். முன்கூடத்தில் அவர், "புள்ள எட்டாவதோட போதும், நிறுத்திட்டோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்னிடம் கேட்டிருக்கவில்லை. நான் திரைக்குப் பின்னாலிருந்து, "இல்ல, அவ படிப்பா" என்றேன். அவ்வளவுதான். ஜமாஅத்தில் பேர்பெற்றவர், ஆட்கள் முன்னால் அவரால் மறுத்துப் பேச முடியவில்லை. பஹீமா ஒன்பதாவது போனாள். அன்று மாலையிலிருந்து அவர் பேசவில்லை. அதுதான் காரணமா என்றுகூட அவர் சொன்னதில்லை.

இதை அவளிடம் சொன்னேன். அழுதாள். சைக்கிள் மணியும் ஆம்புலன்ஸும் அவள் அழுகைக்கு நடுவே கேட்டன.

"அந்த ஒரு வார்த்தைக்குப் பதினேழு வருஷமா உம்மா?"

"நீ இன்னைக்கு எத்தனை பேருக்குப் பரிசோதனை பண்ணுனே?"

"முந்நூத்திச் சொச்சம்."

"அப்ப சரியாத்தான் இருக்கு" என்றேன்.

ஜூலை 2, வெள்ளி

ஆலிமா ஒரு யோசனை சொன்னார். ரிஃபாயாவோடு தினம் ஆளுக்கு ஒரு நேரம் போனில் பேசுவது. துஆ, புத்திமதி எதுவும் வேண்டாம். சும்மா பேச்சு. பத்து மணி எனக்கு. ஹமீதாவும் வீட்டுக்கு வந்துவிட்டார், மூன்று மணி அவருக்கு.

இன்று ரிஃபாயாவிடம் கேட்டேன், என்ன சமையல் என்று. "மீன்தான் மாமி. இங்க என்னமோ ஐஸ்ல வச்ச மீனு, ருசியே இல்ல." அரைமணி நேரம் மீனைப் பற்றிப் பேசினோம்.

ஜூலை 11, ஞாயிறு

மதினி பதினெட்டு நாளாகப் பேசவில்லை. மஜ்லிஸுக்கும் வருவதில்லை. எனக்கு இது புதிது இல்லை என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் போன் அடித்தால் முதலில் அவர் பெயர்தானா என்று பார்க்கிறேன்.

ஜூலை 21, புதன். ஹஜ்ஜுப் பெருநாள்

மத்தியானம் லுஹர் தொழுகைக்குப் பிறகு கதவு தட்டும் சத்தம். மதினி. கையில் குர்பானிக் கறி வைத்த தூக்கு. எழுபது வயதில் நாலு தெருவை வெயிலில் நடந்து வந்திருக்கிறார்.

உட்காரச் சொன்னேன். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உம்மேல கோவம் இல்ல ஜெய்னம்பு. மானம் போச்சேன்னு இருந்துச்சு. அப்புறம் படுத்தா தூக்கம் வரல. ஏன்னா எனக்கு இது புதுசு இல்ல."

"என்ன மதினி சொல்றீங்க?"

"எங்க வாப்பா எங்க உம்மாகிட்ட ரெண்டு வருஷம் பேசாம இருந்தாங்க. சரியா நினைவில்ல, கூடவும் இருக்கும். எனக்குக் கல்யாணம் பேசியிருந்த சமயம், நான் உள்ளேயே இருப்பேன். தம்பிதான் தூது. ஏழு வயசு. 'உம்மாகிட்ட போய்ச் சொல்லு சோறு வேணுமாம்.' 'வாப்பாகிட்ட போய்ச் சொல்லு சோறு ரெடியாம்.' அடுப்படிக்கும் முன்கூடத்துக்கும் ஓடிக்கிட்டே கிடப்பான். ஒரு நாள் நடுவுல நின்னுட்டான். ரெண்டு பக்கமும் போகல. 'என்னடா'ன்னு கேட்டேன். 'என்ன சொல்லச் சொன்னாங்கன்னு மறந்துபோச்சு ராத்தா'ன்னு சொல்லிட்டு அழுதான். அடி விழும்னு பயம்."

மதினி முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "பெரிய மனுசனாகி அதையேதான் உனக்குச் செஞ்சிருக்கான். நான் பக்கத்துலயே இருந்துக்கிட்டுக் கேக்கல. தெரியாதுன்னு சொல்லமாட்டேன். தெரிஞ்சும் கேக்கல. அவனை மன்னிப்பியா?"

"இன்னும் இல்ல மதினி" என்றேன். பொய் சொல்ல வரவில்லை.

அவர் தலையை ஆட்டினார். கறியைப் பாதியாக்கி ஒன்றாகச் சமைத்தோம். நாலரை மணிக்கு என் போன் முன்னாலேயே அவரும் உட்கார்ந்தார்.

துஆவின்போது ஆலிமா என்னைப் பார்த்து, "மாமி, இன்னைக்கு நீங்க கேளுங்களேன்" என்றார். கையை ஏந்தினேன். நோயாளிகளுக்குக் கேட்டேன். ரிஃபாயாவுக்குக் கேட்டேன். பிறகு நின்றுவிட்டேன். மதினியின் மூச்சு பக்கத்தில் கேட்டது.

"யா அல்லாஹ், கமாலுத்தீனுக்கும் எனக்கும் நடுவில் உள்ளதை நீ அறிவாய். அதை உன்னிடமே விட்டேன். ஏழு வயதில் அடுப்படிக்கும் முன்கூடத்துக்கும் நடுவில் நின்று அழுத பிள்ளைமீது நீ இரக்கம் காட்டு. அவனை யாரும் தூக்கிக்கொள்ளவில்லை. நீ தூக்கிக்கொள்."

எல்லோரும் மைக்கைத் திறந்திருந்தார்கள் போல. ஆமீன் என்று வீடே நிறைந்தது. நானும் சொன்னேன்.

ஆகஸ்ட் 3, செவ்வாய்

குழாய் ஒழுகல். ஆள் வந்து சரி செய்தார். குமுதா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டாள். இரவு நன்றாகத் தூங்கினேன்.

ஆகஸ்ட் 22, ஞாயிறு

பத்து மணிக்கு ரிஃபாயா. குரல் ஒரு மாதிரி இருந்தது.

"மாமி, அவங்க ஒரு சீட்டு எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டியிருக்காங்க."

"என்ன எழுதியிருக்கு?"

"'தண்ணி கேன் முடிஞ்சிடுச்சு.' அம்புட்டுதான். நூத்தி ரெண்டு நாள் கழிச்சு எனக்கு எழுதுனது. நீங்க சொன்னது அப்பதான் நெஞ்சுல இறங்குச்சு மாமி. நான் ஊருக்கு வர்றேன். என் காக்கா மலேசியாவுலேர்ந்து அவங்ககிட்ட பேசிட்டாங்க. பெரியவங்களை வச்சுப் பேசுவோம்னு சொல்லியிருக்காங்க. அவங்களா என்னைத் தேடிவந்து, வாயைத் திறந்து பேசுனாப் பாக்கலாம். இல்லன்னா இல்ல."

செப்டம்பர் பதினொன்று காலை விமானம் திருச்சிக்கு. அவள் உம்மாவுக்கு மூட்டுவலி, எழுந்து நடக்க முடியாது. காக்காவால் மலேசியாவிலிருந்து வர முடியாது. அழைத்துவர ஆள் இல்லை என்று கவலைப்பட்டாள்.

"எனக்கு ஒன்பதாம் தேதி இத்தா முடியுது" என்றேன். "நான் வர்றேன்."

சொல்லிவிட்டு எனக்கே திக்கென்றது. திருச்சிக்கு நான் தனியாகப் போனதே இல்லை.

செப்டம்பர் 9, வியாழன்

முடிந்தது. குளித்து, தொழுது, மதினி கொண்டுவந்த வெங்காயத்தோல் நிறச் சேலையைக் கட்டிக்கொண்டேன். வாசல் வரை போய்த் தெருவைப் பார்த்தேன். எதிர்வீட்டுச் சுவருக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள். சலாம் சொன்னவர்கள் சிலர், முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள் இரண்டு பேர்.

நாலரை மணிக்கு வழக்கம்போல மஜ்லிஸ். இனிமேல் வெள்ளிக்கிழமைதோறும் ஓதுவது என் பொறுப்பு என்றார் ஆலிமா.

செப்டம்பர் 12, ஞாயிறு

நேற்று எழுத நேரம் இல்லை. களைப்பு.

விடியலில் சுபுஹு தொழுதுவிட்டு வாடகைக் காரில் கிளம்பினேன். மதினியும் வருகிறேன் என்று பிடிவாதமாக முன்சீட்டில் ஏறிக்கொண்டார். திருச்சி விமான நிலையத்துக்குப் பஹீமா வந்திருந்தாள். நாலு மாதத்துக்குப் பிறகு பார்க்கிறேன். முகமூடி போட்ட தழும்பு மூக்கின்மேல் பதிந்திருக்கிறது. மெலிந்திருக்கிறாள். என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

மூக்கில் குச்சி விட்டுச் சோதித்து, ஒவ்வொருவராக வெளியே விட்டார்கள். கூட்டத்தில் யார் ரிஃபாயா என்று எப்படித் தெரியும்? நான் அவள் முகத்தை ஒரு நாளும் பார்த்ததில்லை. கறுப்பு பர்தாவில் ஒரு ஒல்லியான பெண் தள்ளுவண்டியை நிறுத்திவிட்டு, சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரிஃபாயா" என்று கூப்பிட்டேன். சத்தமாகத்தான். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பினார்கள்.

என் குரலைக் கேட்டதுமே அவள் வண்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தாள். கட்டிக்கொள்ள வந்து, கொரோனா நினைவு வந்து, இரண்டடி தள்ளி நின்றுவிட்டாள். பிறகு இரண்டு பேருமே அதைப் பொருட்படுத்தவில்லை.

பஹீமா வேலைக்குத் திரும்பிவிட்டாள். கார் கண்ணாடிகளை இறக்கிவிட்டுக்கொண்டு கிளம்பினோம். கொஞ்ச தூரம் ரிஃபாயா வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பசிக்கிறதா என்று மதினி கேட்டார். விமானத்தில் ஏதோ கொடுத்தார்கள், நன்றாகவே இல்லை என்றாள். என்ன கொடுத்தார்கள் என்று கேட்டேன்.

அப்போது தொடங்கினாள். விமானச் சாப்பாடு, பக்கத்து இருக்கையில் அழுத குழந்தை, மஸ்கட்டின் வெயில், ஏழாவது மாடி ஜன்னலிலிருந்து தெரியும் கடல், அங்கே வரும் புறாக்கள், அதில் ஒன்றுக்கு அவள் வைத்த பெயர், ஐந்தாவது படிக்கும்போது உப்பளத்தில் விழுந்தது, உம்மா வைக்கும் இறால் ஆணம், முதல் ஊரடங்கில் தையல் பழகியது. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் தொடர்பே இல்லை. மூச்சுவிடக்கூட நிற்கவில்லை. டிரைவர் கண்ணாடியில் ஒருதடவை பார்த்துச் சிரித்துக்கொண்டார். மதினி தூங்கிப்போனார்.

நான் "ம்" என்றும், "அப்புறம்?" என்றும் சொல்லிக்கொண்டு வந்தேன். தஞ்சாவூர் தாண்டியது. பட்டுக்கோட்டை தாண்டியது. மல்லிப்பட்டினத்தில் அவள் வீட்டு வாசலில் கார் நின்ற பிறகும், ஒரு கால் வெளியே வைத்தபடி, அந்தப் புறா கடைசியில் என்ன ஆயிற்று என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.